அம்மணியின் ஜோடி

ஏரியில் கையால் இறால் தடவும் பெண்கள், பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். வாய் திறந்து கூப்பிடவும் முடியாது. அதனால் சுண்ணாம்புக்குளம் ஊரில் யாரும் தனியாக இறங்குவதில்லை, ஜோடியாகத்தான் இறங்குவார்கள்.

அம்மணிக்கு ஜோடி அவள் நாத்தனார் கன்னியம்மா. வலிப்பு வருகிறவள். பதினெட்டு வருஷமாக அவளை ஓரக்கண்ணில் வைத்தபடியேதான் அம்மணி இறால் பிடித்தாள்.

போன மாதம் மூன்று ஊர்ப் பெண்களுக்கும் சேர்த்து அம்மணியைச் சங்கத் தலைவியாக்கினார்கள். அன்றிலிருந்து தலைக்கு மேல் வேலை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மூன்று ஊருக்கும் நடந்து, ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி ஜோடி சேர்த்துவிட்டு, பொன்னேரி கூட்டத்துக்கு பஸ் ஏறினாள். "ஒருத்தரையும் விடாம கவனிக்கிறீங்கம்மா" என்று அங்கே மீன்வளத்துறை அதிகாரி மெச்சினார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மத்தியானம், முழங்கால் தண்ணீரில் கன்னியம்மாவைப் பிணமாகத் தூக்கினார்கள்.

"யாருடி இவகூட எறங்கனது? இன்னாடி பண்ணினு இருந்தீங்க?" என்று அம்மணி கரையில் நின்று அலறினாள்.

தூக்கி வந்த பெண்களில் ஒருத்தியான காவியாதான் சொன்னாள்.

"நீதானக்கா அதுக்கு ஜோடி. நீ வந்துடுவேன்னு ரொம்ப நேரம் கரையிலயே நின்னுனு இருந்துச்சு."