சவுண்ட்பார் வந்த அன்று

ரெஜிஸுக்குச் சர்க்கரை நோயால் இடது கண் போனபோது, வலது கண் இருக்கிறதே என்று சுஜா மனதைத் தேற்றிக்கொண்டாள். பிறகு வலது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்தது. முகங்கள் மறைந்து வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. பொன்மலை ரயில்வே பணிமனையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், பாலக்கரை வீட்டு முன்னறையில் முடங்கிப்போனார்.

"வெளிச்சம் தெரியற வரைக்கும் ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். முதல்ல சர்க்கரை குறையட்டும்" என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சுஜா காலத்தை ஓட்டினாள். காலையில் ஜன்னலைத் திறந்ததும், "தெரியுதாங்க?" என்பாள். "தெரியுது, தெரியுது" என்பார் அவர். ஆனால் அடுத்த முறை டாக்டரிடம் போகக் கூப்பிட்டபோது சளி என்றார். அதற்கடுத்த முறை கால் வலி என்றார்.

கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர். டிவிக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஆனால் அந்த மெலிந்த டிவியின் ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துப் பேசியது. ஆரவாரம் கேட்கும், வர்ணனை புரியாது. "என்ன சொல்றான், அவுட்டா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். ஆபரேஷன் ஆகும்வரை காதுக்காவது ஒழுங்காகக் கேட்கட்டும் என்று, ஒரு சனிக்கிழமை சுஜா, டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்கக் கிளம்பினாள்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடை. அங்கிருந்த பெண் முதலில் சப்வூஃபரோடு வந்த ஒன்றை ஓடவிட்டாள். ஏதோ சண்டைக் காட்சி. காலடியில் தரை அதிர்ந்தது.

"எங்களுக்கு அதிர வேணாம்மா. பேசறது புரியணும். செய்தி ஏதாவது வைங்க" என்றாள் சுஜா.

செய்தி வைத்ததும் கண்களை மூடிக்கொண்டாள்.

"தலை சுத்துதா மேடம்? உக்காருறீங்களா?"

"இல்லம்மா. இப்படித்தான் கேக்கணும்."

மூன்று நான்கை அப்படிக் கேட்டாள். ஒன்றில் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. இன்னொன்றில் பின்னணி இசை பேச்சை விழுங்கியது. கடைசியில், பேச்சுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதில் செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

வீட்டில் அவளே மாட்டினாள். டிவியின் பிளக்கைப் பிடுங்கி, அதைத் திருப்பி வைத்து, பின்னால் ஏஆர்சி என்று எழுதியிருந்த துளையில் ஒயரைச் செருகினாள். மறுபடி நேராகத் திருப்பி, சவுண்ட்பாரைத் திரைக்குக் கீழே மேஜையில் வைத்து, அதற்கு மட்டும் மின்சாரம் கொடுத்தாள். டிவிக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால், வாங்கிய பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்க நினைத்தாள். செல்போனை ப்ளூடூத்தில் இணைத்து, ஒரு பழைய ஆட்டத்தின் வர்ணனையைப் போட்டாள்.

குரல் கணீரென்று அறையை நிறைத்தது. படுக்கையறையிலிருந்து ரெஜிஸ் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அடேயப்பா. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு சுஜா."

அவர் திரையைப் பார்த்தபடி தலையைச் சாய்த்தார்.

"படமும் இன்னைக்குப் பளிச்சுன்னு இருக்கு. பச்சையா ஒரு வெளிச்சம் தெரியுது. கிரவுண்டுதானே?"

சுஜா திரும்பித் திரையைப் பார்த்தாள். அது கருப்பாக இருந்தது. டிவியின் பிளக் அவள் காலடியில் கிடந்தது. வர்ணனை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. வாய் வரவில்லை. செல்போனை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"என்னங்க... நான் இன்னும் டிவியைப் போடவே இல்லை."

ரெஜிஸின் விரல்கள் நாற்காலியின் கையைப் பற்றின. தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"ஈஸ்டருக்கு முந்தி. குருத்தோலை ஞாயிறு அன்னைக்குக் கோயிலுக்குக் கிளம்பறப்பவே இருட்டிடுச்சு."

இப்போது ஆடி பிறந்துவிட்டது. அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஏங்க சொல்லலை?"

"நீ தினமும் ஜன்னலைத் திறந்துட்டு நிப்பே. உன் குரலைக் கேட்டா இல்லைன்னு சொல்ல வரலை. அதோட, சொல்லிட்டா அது நிஜம்னு ஆயிடும்."

அவள் அழவில்லை. எழுந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவர்தான் அழுதார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மேலும் கீழும் காட்டினார். "எந்தப் பக்கம்?" என்றார். ரெஜிஸ் ஒவ்வொரு தடவையும், "தெரியலைங்க" என்றார். வீட்டில் சொன்னதுபோல ஊகித்துச் சொல்லவில்லை. இனி ஆபரேஷனால் பலன் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

சுஜாவின் நாக்கு நுனி வரை ஒரு கேள்வி வந்தது. கணவர் எதிரில் கேட்க வேண்டாமென்று விழுங்கினாள். ரெஜிஸே கேட்டார்: "இருட்டின அன்னைக்கே வந்திருந்தா?"

"சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். வந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது என்று அவர் சொல்லவில்லை என்பது மூவருக்கும் தெரிந்தது.

அன்று மாலை ஆட்டம் இருந்தது. சுஜா டிவியைப் போட்டு, பேச்சு துலக்கமாகக் கேட்கும்படி சவுண்ட்பாரைச் சரிசெய்தாள். ரெஜிஸ் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார்.

"அங்க எதுக்குங்க?"

"காத்து வரும். டிவியைப் பாத்து உக்காந்து என்ன ஆகப்போகுது."

டிவிக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்தார். சுஜா இட்லித் தட்டை அவர் மடியில் வைத்து, சட்னி எந்தப் பக்கம் என்று விரலைப் பிடித்துக் காட்டினாள். பிறகு தன் தட்டோடு திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பச்சை மைதானத்தில் யாரோ ஓடினார்கள். அவளுக்கு எதுவும் மனதில் ஏறவில்லை.

"அவுட்" என்றார் ரெஜிஸ், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.