வாரேனுங்க

கிராம சபைக்கு டாக்டரே வந்து உட்காருவார் என்று ஹாரிகா நினைக்கவில்லை. சமுதாயக் கூடத்துக்கு வெளியே விசைத்தறிகள் தடதடத்தன. சூலூருக்குப் பக்கத்து ஊர் அது. சுகாதார நிலையத்து டாக்டர் சைதன்யாவை மாற்றவேண்டும் என்று தீர்மானம் கேட்டிருந்தவள் ஹாரிகாதான். அப்பா வேங்கடசாமிக்குப் பக்கவாதம் வந்த மத்தியானம், வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனவர் இந்த டாக்டர். அப்பாவுக்கு இப்போது பேச்சில்லை. வலது கையும் விளங்கவில்லை.

“சொல்லு அம்மணி,” என்றார் ஊராட்சித் தலைவர் அப்துல் குத்தூஸ்.

“நைனாவுக்கு வாய் கோணிப்போச்சுன்னு ஓடுனேனுங்க. இவங்க ஸ்கூட்டர எடுத்துட்டிருந்தாங்க. வாரேனுங்கன்னாங்க. பொழுது எறங்கற வரைக்கும் ஊட்டுல காத்துட்டிருந்தோம்.”

“பெட்ரோல் தீந்திருக்குமாட்ட இருக்குது,” என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது.

சைதன்யா எழுந்தார். “ரெண்டு ஊர் ஆஸ்பத்திரிக்கும் நான் ஒருத்திதாங்க. அன்னிக்கு அந்த இன்னொரு ஊர்ல பிரசவத்துல ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. நூத்தியெட்டுக்குக் கூப்பிட்டு நேரா கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்கன்னு உங்ககிட்டச் சொன்னனே?”

“சொன்னீங்க. ஆனா வாரேன்னும் சொன்னீங்கல்ல? டாக்டரம்மாவே ஊட்டுக்கு வாரப்ப ஆம்புலன்ஸ் எதுக்குன்னு நைனா சொல்லிப்போட்டாருங்க.”

டாக்டர் அவளையே பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“கெளம்பறேங்கற அர்த்தத்துல சொன்னேனுங்க,” என்றார் மெதுவாக. “வேலைக்கு வந்த புதுசுல இங்க ஒரு வீட்ல ‘போறேன்’னு சொல்லிட்டேன். நோயாளி இருக்கற எடத்துல அப்படிச் சொல்லலாமான்னு சத்தம் போட்டாங்க. அதுலேர்ந்து எங்க கெளம்பினாலும் வாரேனுங்கன்னுதான் சொல்றேன்.”

முழங்காலளவுதான் என்று இறங்கிய வாய்க்காலில் தரை இல்லாமல் போனதுபோல் இருந்தது ஹாரிகாவுக்கு. எத்தனை வீட்டு வாசலில் அவளே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்திருக்கிறாள்! அன்றைக்கு மட்டும் அது காதில் வேறு சொல்லாக விழுந்திருக்கிறது.

“அந்தப் பொண்ணு?” என்று கேட்டாள்.

“பொழைச்சுக்கிட்டாங்க. கொழந்தையும்.”

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “சரி, டாக்டர மாத்தோணும்ங்கறவங்க கையத் தூக்குங்க.”

“இவங்க போனா வேற ஆள் வருவாங்களாங்க?” என்று தலைவரிடம் கேட்டாள் ஹாரிகா.

தலைவர் சைதன்யாவைப் பார்த்தார். “இன்னொரு டாக்டரக் குடுங்கன்னு நானும்தான் எழுதிட்டிருக்கேனுங்க,” என்றார் சைதன்யா. “யாரும் வரல.”

அதற்குள் கைகள் உயர ஆரம்பித்திருந்தன. முன்வரிசை, நடுவரிசை, சிரித்தவர், சிரிக்காதவர் எல்லோரும்.

“வேண்டாமுங்க,” என்றாள் ஹாரிகா.

தறிச் சத்தத்தில் அது எடுபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டுப் பங்காரம்மா ஒரு கையைத் தூக்கியபடி, மறு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என்ன கண்ணு மரமாட்ட உக்காந்திருக்கற? உனக்காகத்தான ஊரே தூக்குது.”

தன் கை மேலே போவதை ஹாரிகா பார்த்துக்கொண்டிருந்தாள்.