கல்லில் தலையெழுத்து

லவர்ன் அம்மா பெற்ற பெண் இல்லை. மூன்று வயதில் எங்கள் வீட்டுக்கு வளர வந்தவள். பெற்ற பெண் நான். ஆனால் அம்மா படுத்துக் கிடந்த ஆறு வருஷமும் குளிப்பாட்டி, சோளக்கஞ்சி ஊட்டி, திட்டும் வாங்கிக்கொண்டவள் அவள்தான். நான் நகரத்தில் உட்கார்ந்து, செத்துப்போன எங்கள் பூர்வகுடி மொழிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தேன். வர்ஜீனியாவில் அதைப் பேசி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வெள்ளைக்காரன் எழுதிவைத்த பழைய சொற்பட்டியலையும் வடக்கே இன்னும் பேசுகிற உறவு மொழிகளையும் ஒட்டுப்போட்டுத் தைக்கிற வேலை.

சாகும்போது அம்மா கூப்பிட்டது லவர்னை. எனக்கு வயிறு எரிந்தது.

கல்லறையில் ‘நம் அம்மா’ என்று நம் மொழியிலேயே வெட்டலாம் என்றாள் லவர்ன். நாங்கள் பேசும் இங்கிலீஷில் ‘நம்’, ‘எங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். பழைய மொழியில் அப்படி இல்லை, சொல்லின் தலையெழுத்து மாறினால் எதிரில் நிற்பவர் வெளியே போய்விடுவார். நான் வேண்டுமென்றே ‘எங்கள் அம்மா’ என்று எழுதிக் கொடுத்தேன். உனக்கில்லை என்று அந்தக் கல் அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்று. கண்டுபிடிக்க ஆளில்லை என்ற தைரியம் வேறு.

இந்த வருஷம் அவள் என் வியாழக்கிழமை மொழி வகுப்பில் சேர்ந்தாள். ‘நம், எங்கள்’ பாடத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். மூன்றாவது வாரம் என்னைக் கல்லறைக்கே இழுத்துப்போனாள்.

“ஊர் கூடற அன்னிக்கு எல்லார் முன்னாடியும் இதச் சொல்லப் போறேன்க்கா. நாக்கு பொரள மாட்டேங்குது, சொல்லிக் குடேன்.”

சட்டைக் கையால் கல்லைத் துடைத்தாள். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கல்லில் அந்த முதல் எழுத்தை விரலால் தடவினாள்.

“அப்போ இதச் சொல்றவ உள்ள. கேக்கறவ வெளிய. அப்படித்தானே?”

“ஆமா.”

“சொல்லிக் குடு.”

சொல்லிக் கொடுத்தேன். கல்மேல் கை வைத்து, என் கண்ணைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். எங்கள் அம்மா.

இத்தனை காலம் கழித்து அந்தச் சொல்லை ஒருத்தி இன்னொருத்தியிடம் அர்த்தத்தோடு சொன்னது அதுதான் முதல் தடவை.

“உச்சரிப்பு சரியாக்கா?”

சரியாகத்தான் இருந்தது.