ஏரிக்கரை எல்லைக்கல்

காலை ஐந்தேகாலுக்கு ஏரிக்கரையை ஒரு சுற்று சுற்றிவராவிட்டால் கருப்பண்ணனுக்கு அன்றைய பொழுது ஓடாது. லடாக் எல்லையில் பதினெட்டு வருடம் ரோந்து போன கால். பட்டாளத்திலிருந்து திரும்பி, செந்துறைப் பக்கம் தன் ஊருக்கே ஊராட்சித் தலைவராகி நாலு வருடம் முடிந்துவிட்டது. கால் மட்டும் இன்னும் உட்கார ஒப்பவில்லை.

அன்று பத்து மணிக்கு சர்வேயர் வருகிறார். கரையை ஒட்டிய முப்பதடிப் பாதை எந்த ஊருக்கு என்று அளந்து சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் சுடுகாட்டுக்குப் போக அதை விட்டால் வழியில்லை. இவர் ஊருக்கோ அங்கே களம் போட ஆசை.

எல்லைக்கல்லைப் பார்த்து நின்றவர், குந்தினார். அடிமண் பொலபொலவென்று கிடந்தது. மண்ணுக்குள் இருந்திருக்க வேண்டிய கறை கல்லில் ஒரு சாண் மேலே தெரிந்தது. தன் ஊர்ப் பக்கமாக முப்பதடி தள்ளிக் கல் முன்பு இருந்த பழைய குழி. மேலே முந்திரிச் சருகை அள்ளிப் போட்டிருந்தார்கள்.

"என்னா மாமா, கல்லுகிட்ட குசலம் விசாரிக்கிறீங்க?" மச்சினன் அய்யம்பெருமாள் பின்னால் நின்றான்.

"யாரு மாத்துனது மாப்ள?"

"ஊரு மாத்துச்சு. நீங்க பாக்கல, அவ்ளோதான். பட்டாளத்துக்காரரு ஒரு சாண் வுடமாட்டாருன்னு சொல்லித்தான் போன தடவ ஓட்டு வாங்குனோம். எலெக்ஷன் வருது, ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டுக்குப் போனார். இரண்டு இட்லியோடு எழுந்தார். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். லடாக் எல்லையில் எதிராளி கல்லை நகர்த்தினால், மறுநாள் போய்ப் பழைய இடத்தில் வைப்பது இவர்கள் வேலை. நாமே நகர்த்தினால் என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

பத்து மணிக்குப் பக்கத்து ஊர்த் தலைவர் வெற்றிச்செல்வி பத்துப் பேரோடு வந்தாள்.

"நூறு பேரு கெளம்புனாங்கண்ணே. பட்டாளத்து அண்ணன் இருக்காரு, பொய்யி நடக்காதுன்னு நிறுத்திட்டு வந்தேன். கல்லு எங்க இருக்கோ அதுக்குக் கையெழுத்துப் போடுறோம்."

சர்வேயர் கல்லில் டேப்பை வைத்தார்.

"எடுங்க சார். இது நேத்து நட்ட கல்லு." கருப்பண்ணன் குழிவரை நடந்து, சருகைக் காலால் தள்ளினார். "இங்கேருந்து அளங்க."

அவர் ஊர்க்காரர்களோடு நின்ற அய்யம்பெருமாள் சொன்னான்: "அடுத்த தடவ அந்த ஊருலயே நில்லுங்க மாமா. இங்க டெபாசிட் தேறாது."

"சரி. கடப்பாறைய எடு."

அவன் எடுக்கவில்லை. வெற்றிச்செல்வியின் ஆட்கள் கைகொடுக்க வந்தார்கள். "நாங்க மாத்துனது, நாங்கதான் வெக்கணும்" என்று தடுத்துவிட்டார். நாங்கள் என்று சொன்னாரே தவிர, அரைமணி நேரம் அந்தக் கல்லைத் தனியாகத்தான் புரட்டினார்.

மறுநாளும் ஐந்தேகாலுக்குக் கரையைச் சுற்றினார். கல், வைத்த இடத்திலேயே இருந்தது. டீக்கடைப் பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நின்றபடியே குடித்துவிட்டு, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார்.