மண்கரையில் உட்கார்ந்த நால்வர்

கிம் செங் சனிக்கிழமை பூப்பந்து ஆடப்போய்க் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தான். திங்கட்கிழமை அவன்தான் முயல்.

சுங்கை தெமாகாவில் திங்கட்கிழமை சாயங்காலம் ஆண்களுக்கு ஓட்டம். முயலாக இருப்பவன் முன்கூட்டியே காட்டுக்குள் போய்க் காகிதத்தைக் கிழித்துத் தூவித் தடம் போட்டு வைப்பான். மற்றவர்கள் வேட்டை நாய்க் கூட்டம்போல அதைத் தேடி ஓடுவார்கள். வேண்டுமென்றே போட்ட பொய்த்தடங்களில் ஏமாந்து, முட்டிமோதித் திரும்பி வந்து, மறுபடி காகிதத்தைக் கண்டவன் இங்கிலீஷில் "ஆன்! ஆன்!" என்று காடு அதிரக் கத்துவான். கடைசியில் ரப்பர்த் தோட்டத்து ஓரம் பனிக்கட்டிக்குள் புதைத்த பீர் காத்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கோலாலம்பூரில் சில வெள்ளைக்காரர்கள் வாரக்கடைசியில் குடித்ததை வியர்வையாக இறக்குவதற்கென்று ஆரம்பித்த விளையாட்டு இது. அவர்களில் சிலர் சண்டையில் மாண்டுபோனார்கள், விளையாட்டு மாளவில்லை. ஊர் ஊராகப் பரவி, கடல் தாண்டியும் போய்விட்டது. சுங்கை தெமாகாவில் வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு வக்கீலும் பேங்கில் கணக்கெழுதும் கிராணியும் ஈயச் சுரங்க முதலாளியான தவுக்கேயும் போலீஸ் சார்ஜெண்டும் சேர்ந்து அதைக் கைவிடாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் ஓடுவதில்லை. பெண்கள் சாப்பாட்டுச் சாமான் ஏற்றி வந்த வேன் பக்கத்தில் நின்று மீஹூன் சேமியா பிரட்டுவார்கள்.

"நாளைக்கு நான் முயலா நிக்கலைன்னா மானம் போயிடும்," என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிம் செங் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு புலம்பினான். அவன் மனைவி யோக் கியூ கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காகிதம் எங்க இருக்கு?" என்றாள்.

"எதுக்கு?"

"நான் போடறேன்."

யோக் கியூ பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிற நர்ஸ். ஊரில் அவள் முன்னால் வாயைத் திறக்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. சின்ன வயதில் கைவிட்ட சுரங்கக் குட்டைகளின் ஓரம் கங்கோங் கீரை பறித்துத் திரிந்தவள். திங்கட்கிழமை மத்தியானம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தோளில் ஒரு சாக்குப் பையோடு காட்டுக்குள் போனாள். மூங்கில் புதருக்குள் தடத்தைக் கொண்டுபோய், ஓடையில் இறக்கி, ஓடைக்குள்ளேயே நடத்தி, நம்பவே முடியாத இடத்தில் கரையேற்றினாள். மூன்று பொய்த்தடங்கள் வைத்தாள். ஒன்று நேராக ஒரு பன்றிப் பண்ணைக்குள் போய் முடிந்தது.

சாயங்காலம் ஆண்கள் ஓடினார்கள். சேறும் கீறலுமாக, பன்றி வாடையோடு, பேச மூச்சில்லாமல் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

"யம்மாடி! இந்த மாதிரித் தடம் பார்த்து எத்தனை வருஷமாச்சு லா!" என்று சுரங்கத் தவுக்கே ஃபூ தொப்பையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

ஓட்டம் முடிந்தால் வழக்கமாகக் கூடும் வட்டம் கூடியது. கிளப்பின் தலைவர் வக்கீல் அருளம்பலம் நடுவில் நின்று, முயலுக்கு உரிய, நுரை வழியும் பெரிய குவளையை உயர்த்தினார். "முயல் எங்க? வாரும் கிம் செங்! சுளுக்கின காலோட இப்பிடித் தடம் போட்ட ஆம்பிளை நீர்!"

வேன் பக்கத்தில் கரண்டியும் கையுமாக நின்ற யோக் கியூ நிமிர்ந்து பார்த்தாள். கிம் செங்கும் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு நொண்டிக்கொண்டே வட்டத்துக்குள் போய்க் குவளையை வாங்கி, எல்லோரும் கைதட்டிப் பாட, ஒரே மூச்சில் குடித்தான்.

வீட்டுக்குப் போனார்கள். கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"ருசியா இருந்துச்சா?"

"என்னடி சொல்றது அத்தனை பேர் முன்னால? பொண்டாட்டி போட்டான்னா? ஜென்மத்துக்கும் கேலி பண்ணுவாங்க."

"கேலி பண்ணுவாங்கன்னுதான் திருடினியா?"

அவன் நொண்டிக்கொண்டே உள்ளே போனான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை கால்சட்டையும் கேன்வாஸ் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, மீஹூன் சட்டியைத் தொடாமல், ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

அருளம்பலம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மிஸஸ் வோங், வேன் அந்தப் பக்கம்."

"தெரியும். ஓடற இடம் இந்தப் பக்கம்."

"இது ஆம்பிளையளின்ட கிளப்."

"காடு யாருது?"

சிரித்தார்கள். அவளை விட்டுவிட்டு ஓடினார்கள். அவள் பின்னாலேயே ஓடினாள். பாதியில் பலரை முந்தவும் செய்தாள். ஆனால் வட்டம் கூடியபோது, விதி மீறினால் விளையாட்டாகத் தரும் தண்டனை அவளுக்கு இல்லை. "பெண்டாட்டியை அடக்கத் தெரியாத குற்றத்துக்கு" என்று அருளம்பலம் தீர்ப்புச் சொல்ல, கிம் செங்கைப் பனிக்கட்டிப் பாளத்தின்மேல் உட்காரவைத்துத் தலையில் பீரைக் கொட்டினார்கள். விளையாட்டுத்தான். ஆனாலும் அவன் பற்கள் கிட்டித்துப்போனதை அவள் பார்த்தாள். கிட்டித்தது குளிரால் மட்டும் இல்லை என்றும் தெரிந்துகொண்டாள்.

"இதோட விட்டுடு," என்றான் அன்றைக்கு ராத்திரி. கெஞ்சலாகத்தான் சொன்னான்.

"விட்டுடறேன். இனிமே உங்க பின்னால ஓடமாட்டேன்," என்றாள். "எனக்குன்னு ஒரு ஓட்டம் வச்சுக்கறேன்."

ஆள் சேர்ப்பது அவள் நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. பால் வியாபாரம் பண்ணும் குர்தீப் கௌர், ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஹாக்கி ஆடியவள், காரணம் கூடக் கேட்கவில்லை. "எப்ப? எங்க?" என்றாள், அவ்வளவுதான். மலாய்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ரொகாயா மட்டும் தயங்கினாள். "நான் பீர் தொடமாட்டேன் அக்கா. அப்புறம் எப்படி?"

"ரோஸ் சிராப் சர்பத் குடி. ஓடறது கால்தானே."

மூன்றாவதாக வந்தவளைத்தான் யோக் கியூ எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில், கையில் குடையோடு, வக்கீல் வீட்டு அம்மா காத்துக்கொண்டிருந்தாள். அருளம்பலத்தின் மனைவி அரசி. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் தவிர வெளியே தலை காட்டாதவள்.

"பிள்ளை, என்னையும் சேர்ப்பியோ? எனக்கு வயசு ஐம்பதாகுது. ஓட ஏலாது. ஆனா வேகமா நடப்பன்."

"அக்கா, உங்க வீட்டுக்காரர்..."

"அவர் திங்கக்கிழமை வீட்டில நிக்கமாட்டார். அதுதான் வசதி. திங்கக்கிழமையே வை."

ஆகத் திங்கட்கிழமையே வைத்தார்கள். வெள்ளைக் காகிதத்துக்குப் பதில் சந்தையில் மீன் சுற்றுகிற மஞ்சள் காகிதம். முதல் வாரம் மாரியம்மன் கோயில் குன்று. இரண்டாவது வாரம் ஆற்றோரம். செய்தி பரவிவிட்டது. காப்பிக் கடையில் ஆண்கள் நக்கலடித்தார்கள்: "வீட்டுக்கு வழி தெரியாம போயிட்டா காகிதம் போட்டுக் கூட்டிட்டு வரணும் லா!" ஒரு வாரம் யாரோ அவர்கள் தடத்தின்மேல் மஞ்சள் காகிதத்தாலேயே பொய்த்தடம் போட்டுச் சதுப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். குர்தீப்பின் ஒரு சப்பாத்து சேற்றோடு போயிற்று. அவள் மிச்சமிருந்த சப்பாத்தையும் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு ஓடி முடித்தாள்.

அந்த வாரம் அருளம்பலம் கிம் செங்கைக் கூப்பிட்டனுப்பினார். "உம்மட மனுசி திங்கக்கிழமையை விடவேணும். இல்லையெண்டா நீர் கிளப்பை விடவேணும்." தன் மனைவியும் அதே கூட்டத்தில் இருப்பது அவருக்கு அப்போது தெரியாது.

கிம் செங் வந்து சொன்னான். யோக் கியூ மஞ்சள் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"கேட்டுச் சொல்றேன்னேன்."

"கேட்டாச்சா? மாட்டேன்னு சொல்லிடு."

அடுத்த திங்கட்கிழமை காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. அவள் தடத்தைப் பழைய சுரங்க நிலம் வழியாகப் போட்டிருந்தாள். அங்கே இரண்டு பெரிய குட்டைகளுக்கு நடுவில் ஒரு மண்கரை ஓடுகிறது. அகலம் ஒற்றை ஆள் நடக்கத்தான் காணும். ஒரு பக்கம் ஆழம் தெரியாத பச்சைத் தண்ணீர். மறுபக்கம் மணல் தூர்ந்து, இடுப்பளவு சாம்பல் நிறச் சேறு. நால்வரும் கரையில் பாதி தூரம் வந்தபோது எதிர்ப்பக்கத்து லாலாங் புல்லுக்குள்ளிருந்து "ஆன்! ஆன்!" என்று சத்தம் கேட்டது. ஆண்களின் முயலும் அன்றைக்கு அதே கரையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

ஒருவர் பின் ஒருவராக இருபது ஆண்கள் கரையேறி வந்தார்கள். முன்னால் அருளம்பலம். யோக் கியூவுக்கு ஒரு கை தூரத்தில் வந்துதான் நின்றார். மழை பிடித்துக்கொண்டது.

"மிஸஸ் வோங், திரும்பிப் போங்கோ. நாங்கள் இருபது பேர்."

"நாங்க நாலு பேர்தான். ஆனா முதல்ல ஏறினது நாங்க."

"நாலு பேர் திரும்பிறது சுகம். நியாயமாப் பாருங்கோ."

"நாலு பேர்னா திரும்பணும். பொம்பளைன்னா வேன் பக்கம் நிக்கணும். உங்க நியாயம் எப்பவும் ஒரே பக்கமாத்தான் சாயுது சார்."

பின்னாலிருந்து யாரோ, "தள்ளிட்டு வாங்க லா!" என்று கத்தினான். குர்தீப் எட்டிப் பார்த்து, "யாரு அது? முன்னால வா, தள்ளிப் பாரு," என்றாள். சத்தம் அடங்கியது.

அருளம்பலத்தின் குரல் கோர்ட்டுக் குரலாக மாறியது. "இது வெள்ளைக்காரன்ட காலத்திலயிருந்து வந்த வழக்கம். இந்தக் கிளப்பில ஒருநாளும் பொம்பிளையள் ஓடினதில்லை. வழக்கத்தை ஒராள் நினைச்சு மாத்தேலாது."

யோக் கியூ முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டாள். 

"வெள்ளைக்காரன் வழக்கம்னா நல்லாவே தெரியுமே. குன்று மேல அவங்க கிளப் இருந்துச்சு. உங்க அப்பா அங்க கிராணியா இருந்தார். ஒரு நாளாவது முன்வாசல் வழியா உள்ள போனாரா?"

அருளம்பலம் மழையில் நனைந்த கண்ணாடியைக் கழற்றினார்.

"சமையல்கட்டு வழியா போனார். அதுவும் வழக்கம்தான். அந்த வழக்கம் போனதாலதான் இன்னிக்கு நீங்க தலைவரா நிக்கிறீங்க. இப்ப அதே கதவை நீங்க பிடிச்சுக்கிட்டு, உள்ள வராதேங்கறீங்க."

அருளம்பலத்தின் முகம் வெளுத்தது. "இதை உமக்கு ஆர் சொன்னது?"

"நான்," என்று ஒரு குரல் வந்தது. குர்தீப்பின் அகன்ற முதுகுக்குப் பின்னாலிருந்து அரசி தலையை நீட்டினாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். தலைமுடி நனைந்து ஒட்டிக் கிடந்தது. "மாமா சாகும்வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித்தானே அழுதவர். நீங்களும் பக்கத்தில இருந்து கேட்டனீங்கள்."

"அரசி! நீர் இங்க என்ன செய்யிறீர்?"

"ஓடுறன்."

"வீட்டுக்கு நடவும்!"

"வீடு அந்தப் பக்கம்," என்று அரசி அவருக்குப் பின்னால் கை நீட்டினாள். "நீங்கள்தான் மறிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

தவுக்கே ஃபூ வாயைப் பொத்திக்கொண்டார். அருளம்பலம் அசையவில்லை. அப்போதுதான் யோக் கியூ அந்தக் காரியத்தைச் செய்தாள். ஈரமண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து ரொகாயா உட்கார்ந்தாள். குர்தீப் உட்கார்ந்தபோது கரையின் ஓரம் கொஞ்சம் சரிந்து தண்ணீரில் விழுந்தது. அரசி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே, கடைசியாக உட்கார்ந்தாள்.

"இருட்டினாலும் பரவாயில்ல," என்றாள் யோக் கியூ. "நாங்க எழுந்திரிக்கறதா இல்ல."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று பிற்பாடு ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். மழை கண்ணைத் திறக்கவிடாமல் கொட்டியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவன் தும்மினான். ரொகாயாவுக்குப் பல் கிட்டியது. குர்தீப் அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். அருளம்பலம் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அரசியோ குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருளம்பலத்துக்கு இன்னும் பதில் சொல்லாமல் அந்த வரிசையில் எங்கோ நடுவில் நின்ற கிம் செங் கரையிலிருந்து சேற்றுப் பக்கம் இறங்கினான். இடுப்புவரை புதைந்தான். சுளுக்கு முழுதும் ஆறாத காலை ஒவ்வொரு அடியாக உருவி உருவி எடுத்து வைத்து, பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி நடந்தான். யோக் கியூவுக்கு நேராக வந்தபோது அண்ணாந்து பார்த்தான். அவள் கை கொடுக்கவில்லை. ஆனால் அவன் தாண்டிப் போகும்வரை கண்ணையும் எடுக்கவில்லை.

"அட, இவன் ஒருத்தன்!" என்று சொல்லிக்கொண்டே தவுக்கே ஃபூ பின்பக்கத்தால் சறுக்கிக்கொண்டு 'தொப்'பென்று விழுந்தார். விழுந்த வேகத்தில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சார்ஜெண்ட் இறங்கினார். பேங்க் கிராணிகள் இறங்கினார்கள். எருமை மந்தை மாதிரி ஒவ்வொருவராகச் சேற்றில் நடந்து போனார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார்.

அருளம்பலம் மட்டும் இறங்கவில்லை. எல்லோரும் போன பிறகு அவர் திரும்பி, வந்த வழியே, மழைக்குள் தனியாக நடந்தார். வட்டம் கூடும் இடம் மறுபக்கம், அவர் போனது வீட்டுப் பக்கம். அரசி எழுந்து நின்று அவர் மறையும்வரை பார்த்தாள்.

"பாவம், தடிமன் பிடிக்கப் போகுது," என்றாள். பிறகு சேலையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள். "வா பிள்ளை, ஓடுவம்."

அன்றைக்கு அவர்கள் வட்டத்தில் பீர் போத்தலைத் திறந்தபோது நுரை பொங்கிப் பாதி கீழே கொட்டியது. ரொகாயா சிராப்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மிச்சத்தைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாள்.

ஆண்கள் வட்டத்தில் நடந்தது யோக் கியூவுக்கு மறுநாள்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சார்ஜெண்டின் மகள் பல் நாற்காலியில் ஏறும்போதே சொன்னாள்: "அன்ட்டி, அங்கிளைப் பனிக்கட்டியில உக்கார வச்சாங்களாம். அன்னிக்கு நல்ல தடம் போட்டது நீங்கதான்னும் தான் பொய்யாக் குடிச்சதாவும் அவரே எழுந்து சொன்னாராம்."

"வாயைத் திற," என்றாள் யோக் கியூ.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவனிடம் அதைப் பற்றிக் கேட்டாள்.

"லேட்டுதான்," என்றான் அவன்.

"ரொம்ப லேட்டு," என்றாள் அவள். ஆனால் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஆண்கள் கிளப் தன் வழக்கத்தை மாற்றவில்லை. இன்றைக்கும் அது ஆண்கள் கிளப்தான். கிம் செங்கை நீக்கவும் இல்லை. அருளம்பலம் ஒரு வாரம் மனைவியோடு பேசவில்லை. "நல்ல அமைதி," என்று அரசி எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். அடுத்த திங்கட்கிழமை அவளோடு கோயிலுக்கு வருகிற இரண்டு பெண்கள் வந்தார்கள். தையல்கடைக்காரியும் அவள் தங்கையும் வந்தார்கள். தவுக்கே ஃபூவின் மனைவி, புருஷன் வாங்கிக்கொடுத்த புத்தம்புதுச் சப்பாத்தோடு வந்தாள்.

வேறு குன்றுகள் எத்தனையோ இருந்தன. யாருக்கும் தொந்தரவில்லாத பாதைகளும் இருந்தன. அவர்கள் வந்து சேருமுன், அன்றைக்கு மத்தியானம், யோக் கியூ சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகச் சுரங்க நிலத்துக்குப் போனாள். அதே மண்கரையின் மேல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மஞ்சள் காகிதத்தைக் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தாள்.