இரண்டாவது சனிக்கிழமை

...இல்லை, மைக்கைக் கையில் கொடுத்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தானாக எழுந்து போனவர்தானே, யாராவது சாட்சி சொல்ல இருக்கிறீர்களா என்று போதகர் கேட்டதுதான் தாமதம், முதல் ஆளாக நடந்து போய் முன்னால் நின்றார் சுவிசேஷமுத்து. இரண்டு வருஷமாக செவ்வாய்க்கிழமை ஜூம் ஜெபத்தில் ஒரே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப வைத்த மனிதருக்கு, பதில் கிடைத்த பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா... என் மகள் அபிகாயிலை ஆண்டவர் ஆகாயத்திலிருந்து பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டார், அவள் ஓட்டுகிற ஹெலிகாப்டர் பிரிவையே இழுத்து மூடுகிறார்கள், இனிமேல் என் பிள்ளை பறக்க வேண்டியதில்லை என்று சொல்ல, தமிழ்ச் சபை மொத்தமும் ஒரே குரலாக ஸ்தோத்திரம் சொன்னது, மனைவி தனபாக்கியம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசி வரிசையில் அபிகாயில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ராணுவ விமானத் தளத்தில் இருக்க வேண்டியவள். மெக்கானிக்குகள் சாமான்களைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்துவிட்டதால் விமானிகளைக் காலையிலேயே அனுப்பிவிட்டார்களாம், டாடிக்கும் மம்மிக்கும் சொல்லாமல் போய் நிற்கலாம் என்று மத்தியான ஆராதனைக்கு நேராக வந்திருக்கிறாள். மைக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இருக்கைகளுக்கு நடுவே அவளைப் பார்த்தபோது அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அவளோ சாதாரணமாக, நல்லா பேசினீங்க டாடி என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை, ஒரு மாதம் ஆகிவிட்டது.

இப்போது பக்கத்து சீட்டில் அவள்தான் இருக்கிறாள், சீருடையில், முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, மடியில் ஹெல்மெட் பையை வைத்துக்கொண்டு. டாலஸ் போகிற எழுபத்தைந்தாம் நெடுஞ்சாலையில் சனிக்கிழமைக் காலை ஆறு மணிக்குக்கூட இவ்வளவு வண்டிகளா, எல்லாரும் எங்கேதான் போகிறார்கள். வழக்கமாக இந்தக் கேம்ரி காரை எடுத்துக்கொண்டு அவளே போய்விடுவாள், தளம் தெற்கே இரண்டு மணி நேரம், ஞாயிறு சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குளித்து, சாப்பிட்டு, கலிபோர்னியாவில் ஃப்ரீமான்டுக்கு விமானம் ஏறுவாள், அங்கேதான் அவளுக்கு சாஃப்ட்வேர் வேலை. இன்றைக்கு வண்டி திரும்பி வர ஆள் வேண்டும். ரிசர்வ் என்கிற பகுதிநேரப் படையில் இருந்த ஹெலிகாப்டர்களையெல்லாம் முழுநேரப் படைக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து ஓட்டுகிறவர்களுக்கு எதற்கு இத்தனை இயந்திரம் என்று மேலே யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள், கடைசியாக மிச்சம் இருக்கிற நாலில் ஒன்றை அபிகாயில் கென்டக்கி வரை ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும், அங்கிருந்து அப்படியே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விடுவாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி அவள் அதை ஓட்டிக்கொண்டு போய் விட வேண்டுமாம், என்று தோன்றியது அவருக்கு, உடனே தன்மேலேயே எரிச்சலும் வந்தது. எல்லாவற்றையும் கல்யாணத்தில் கொண்டுபோய் முட்டுகிற புத்தி...

அவளுக்கு முன்னால் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், இது தனபாக்கியம் சொல்லித்தான் அவருக்குத் தெரியும், மகள் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். பறந்தே ஆக வேண்டும் என்றால் ஹெலிகாப்டர்களின் பின்னாலேயே முழுநேரப் படைக்குப் போக வேண்டும், அலாஸ்காவோ கொரியாவோ, போடுகிற இடத்துக்கு. இல்லையென்றால் ரிசர்விலேயே ஏதோ ஒரு அலுவலகத்தில் மேஜை வேலை. மேஜை வேலை என்ற சொல்லைக் கேட்டதும் தன் நெஞ்சுக்குள் எப்படி ஒரு நிம்மதி ஓடியது, அதை மனைவியிடம்கூடக் காட்டிக்கொள்ளவில்லை அவர். அவள் பறக்கிற நாளெல்லாம் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று மேலே பார்ப்பார், அது ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டராகத்தான் இருக்கும், இருந்தாலும் பார்ப்பார், செய்தியில் எங்கேயோ ஒன்று விழுந்தது என்று ஒரு வரி ஓடினால் அது இந்த மாநிலமே இல்லை என்று தெரிந்தும் அவளுக்குப் போன் போடுவார், அவள் மீட்டிங்கில் இருப்பாள், டாடி ஐ ஆம் இன் ஃப்ரீமான்ட் என்று மெசேஜ் வரும். இப்படிப்பட்ட ஒரு தகப்பன் ஜெபம் பண்ணாமல் வேறு என்ன பண்ணுவான், ஜெபம் பண்ணியது தப்பா... கேட்கட்டுமா, தப்பா என்று இவளிடமே கேட்டுவிடட்டுமா. பிளாஸ்கில் சாயா இருக்கு மக்ளே, எடுத்துக் குடி, என்று மட்டும் சொன்னார். நாகர்கோவிலை விட்டு வந்து முப்பது வருஷமாகியும் அவர் வாயில் டீ நுழையவில்லை.

சாயாவை ஊற்றி முதலில் அவரிடம் நீட்டினாள். பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே, டூ இயர்ஸ் ப்ரே பண்ணீங்களா டாடி என்று கேட்டாள். எந்தக் கோபமும் இல்லாத குரல், அதுதான் அவரைச் சுட்டது, கத்தியிருந்தால் பதிலுக்கு அவரும் கத்தியிருப்பார். ஆமா மக்ளே. "எவ்ரி வீக்?" ஆமா. "அந்த யூனிட்ல நாப்பது பேர் இருக்காங்க. சார்ஜன்ட் ஒருத்தர், ஹி ஹாஸ் த்ரீ கிட்ஸ், அவருக்கு இதுதான் எல்லாமே. அவங்களையும் சேர்த்துத்தான் ப்ரே பண்ணீங்களா?" என்றாள். நாற்பது பேர்... இந்த இரண்டு வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையாவது அந்த நாற்பது பேர் அவர் நினைவில் வந்தார்களா. ஆண்டவர் அவர் பேச்சைக் கேட்டு அமெரிக்க ராணுவத்தையே மாற்றி அமைத்தார் என்று நினைத்துக்கொண்டாரே, மைக்கில் வேறு சொன்னாரே, அன்றைக்குப் பெருமையாக இருந்தது இன்றைக்குக் காது மடல்வரை சுடுகிறது. "பயமா இருந்துச்சு மக்ளே," என்றார். அதைச் சொல்ல இத்தனை வருஷமா. "எனக்கும்தான். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணும்போது பயமா இருக்கும். யூ குட் ஹாவ் ஆஸ்க்ட் மி," என்றாள் அபிகாயில், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளாம், அவரும் கேட்கவில்லை, ஆறாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டபோதுகூடப் பயமில்லை என்று சொன்ன பெண்.

அந்த மேஜை வேலை எங்கே என்று அவரே கேட்டார், பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டார், கேட்காமலே இருந்திருக்கலாம். "பே ஏரியாலயே டாடி. என் அபார்ட்மென்ட்ல இருந்து ட்வென்டி மினிட்ஸ்தான். பிளசன்டன் தாண்டி." அது ரொம்ப நல்லதாச்சே மக்ளே, என்று வாய் சொல்லிவிட்டது, அலைச்சல் மிச்சம், மாதா மாதம் விமானம் ஏறி டாலஸுக்கு ஓடி வர வேண்டாம், என்றும் சேர்த்துக்கொண்டது, அந்த வாக்கியம் பாதி வரும்போதே மனசு எங்கேயோ போய் இடித்துக்கொண்டு நின்றது. வர வேண்டாம். மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் வருவாள், தனபாக்கியம் நர்ஸ் ட்யூட்டியை மாற்றிப் போட்டுக்கொண்டு மீன் குழம்பு வைப்பாள், மகள் சோபாவில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாஷிங் மெஷினில் அவள் சீருடை சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் பேப்பர் படிப்பார், வேறு அறையில் படிக்கக் கூடாதா என்று தனபாக்கியம் கேட்பாள். இதெல்லாம் அப்பா அம்மாவைப் பார்க்க வந்ததா, ட்ரில் என்கிற படைப் பயிற்சிக்கு வந்ததா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று எந்தப் படையைத் திட்டினாரோ அந்தப் படைதான் மாதம் தவறாமல் அவளைக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் விட்டிருக்கிறது. அலாஸ்காவானாலும் சரி, பிளசன்டன் தாண்டியானாலும் சரி, ஆலன் ஊரில் இருக்கிற இந்த வீட்டுக்கு வர அவளுக்கு இனி ஒரு காரணமும் இல்லை. தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதற்கு நன்றி சொல்லி, சபையையும் கூடவே ஸ்தோத்திரம் சொல்ல வைத்திருக்கிறார் சுவிசேஷமுத்து.

என்ன டாடி, ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க என்று கேட்டாள். ஒண்ணுமில்ல மக்ளே, எக்ஸிட் வருதுல்லா, அதான். எக்ஸிட்டுக்கு இன்னும் பன்னிரண்டு மைல் இருந்தது, அவளுக்கும் தெரியும், சாயாவைக் குடித்தாள். அவள் தாடை அவர் அம்மாவின் தாடை, மூக்கு தனபாக்கியத்துடையது, கண்ணை இடுக்கித் தூரத்தைப் பார்க்கிற அந்தப் பார்வை மட்டும் யாருடையதும் இல்லை, பறக்கப் போய்க் கற்றுக்கொண்டது. இவள் ஓட்டி ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை. குடும்ப நாள் என்று வருஷா வருஷம் கூப்பிட்டார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு, முதுகு வலி, ஊரிலிருந்து விருந்தாளி, ஒரு தடவை சபை சுத்தம் பண்ணும் நாள். ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஒரே ஒரு தடவை.

தளத்து வாசலுக்கு வெளியே, காவல்காரன் கையைக் காட்டிய இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார், உள்ளே போகச் சீட்டு வேண்டும், அதற்குப் போன வாரமே பெயர் கொடுத்திருக்க வேண்டும், அவர் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நாலு ஹெலிகாப்டர்கள் வரிசையாக நின்றன, விசிறி இறக்கைகள் தளர்ந்து கீழே வளைந்திருந்தன. அவள் பையை எடுத்தாள், இறங்கவில்லை. "ப்ரேயர் பண்ணலையா டாடி?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தாள். அவர் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணாமல் அனுப்புவதில்லை, காலேஜுக்குப் போனபோதும், ராணுவத்துக்குப் போனபோதும்கூட அழுதுகொண்டே பண்ணினார், இன்றைக்கு வீட்டில் வேண்டுமென்றேதான் மறந்த மாதிரி இருந்தார், இனி எந்த முகத்தோடு இவள் தலையில் கை வைப்பது என்று. வைத்தார். கொண்டை ஊசிகள் உள்ளங்கையில் குத்தின. அன்புள்ள பரலோகப் பிதாவே என்று ஆரம்பித்தார், அதுவரை தடையில்லை, முப்பது வருஷப் பழக்கம். இவளை... இவளைப் பத்திரமாக... அதற்குமேல் எதைக் கேட்பது. பறக்க வை என்றால் தூரமாகப் போய்விடுவாள், பறக்க வைக்காதே என்றாலும் தூரம்தான், எனக்கு மாதம் ஒரு தடவை இவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பிதாவே, காரணமில்லாமல், ட்ரில் இல்லாமல், சும்மா, என் வீட்டுக்கு வரச் சொல்லும்... இதை வாய்விட்டுச் சொன்னால் இவள் காதில் விழுமே. விழட்டுமே. விழவேண்டும் என்றுதானே ஏங்குகிறார். ஆனால் வாய் வரவில்லை, கை மட்டும் அவள் தலைமேல் இருந்தது, வெளியே ஒரு லாரி போனது, காவல்காரன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அபிகாயில் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள், அவர் தொண்டையைச் செருமியபோதுகூடத் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு அவளாகவே ஆமென் என்றாள், அவர் கையைத் தலையிலிருந்து எடுத்து ஸ்டியரிங்கின்மேல் வைத்துவிட்டு இறங்கி, வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்து போனாள். அவர் எதையுமே கேட்கவில்லையே, இவள் எதற்கு ஆமென் சொன்னாள்?