உப்புப் பார்க்காத நண்டுக்கறி

சூசைதாசன் முதலாளியிடம் இருந்தது ஒரே ஒரு பஸ். ஆனால் அவர் நடந்து வருகிற தோரணையைப் பார்த்தால் பின்னால் பத்துப் பஸ்ஸாவது வருகிறது என்றுதான் தோன்றும். குருநகர்க்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குத் தினமும் ஓடுகிற அந்தப் பஸ், பளை தாண்டியதும் எஞ்சின் கொதித்துப் பெருமூச்சு விடும். அங்கே எஞ்சின் ஆறுகிற நேரத்தில் சனமும் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொள்ள, ஒரு நல்ல சாப்பாட்டுக்கடையை நிரந்தரமாகப் பிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். பஸ் நிற்கிற கடைக்கு யோகம். நிற்காத கடை ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இரண்டு கடைகளை மனதில் வைத்திருந்தார். ஒன்று, சந்தியில் இருந்த பேதுருவின் கடை: ஓட்டுக் கூரை, கண்ணாடி அலுமாரி, போதாததற்குக் கிராமபோன் வேறு. மற்றது, கொஞ்சம் தள்ளிக் கடல்நீர் ஏரிக்கரையோடு கத்தரீனா நடத்திய தென்னோலைக் கிடுகுக் கொட்டில். அவளுடைய நண்டுக்கறியைப் பற்றி டிறைவர்மார் அளக்கிற அளப்பைக் கேட்டால் வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கும் பசிக்கும். பேதுருவிடம் சாப்பிட்டுப் பார்த்தாயிற்று. பழுதில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருவதாகக் கத்தரீனாவுக்குச் சொல்லியனுப்பினார். அது உயிர்ப்புப் பெருநாளான பாஸ்குவுக்கு முன்வரும் தபசுகாலம். வெள்ளிக்கிழமையில் இறைச்சி ஆகாது, நண்டு ஆகும் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

பன்னிரண்டுக்கு என்று சொன்னாரே தவிர, பன்னிரண்டுக்குப் போகிற எண்ணம் அவருக்கு இல்லை. சொன்ன நேரத்துக்குப் போனால் எல்லாக் கடையும் நல்ல கடைதான். நேற்றைய கறியைச் சூடாக்குகிறார்களா, கோப்பையை அழுக்குத் தண்ணீரில் அலசுகிறார்களா என்று கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? பதினொன்றுக்கே போய் இறங்கிவிட்டார்.

பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. அதைக் கொட்டில் என்று சொன்னவன் கண் அவிந்தவனாக இருக்க வேண்டும். நிலத்தில் வெள்ளை மணல் பரவி, அதன்மேல் ஈர்க்குமாறு போன கோடுகூட அழியாமல் கிடந்தது. தேய்த்துத் தேய்த்து, குந்துகிற மர வாங்குகள் வெளுத்துப்போயிருந்தன. தண்ணீர்ப் பானையின் வாயில் வெள்ளைச் சீலை கட்டியிருந்தது. ஏரிப் பக்கத்துத் தட்டியைத் தூக்கிக் கட்டியிருந்ததால் காற்று வந்து முகத்தைத் துடைத்துவிட்டுப் போனது. அடுப்படியிலிருந்து வந்த மணத்தைச் சொல்லவே வேண்டாம். மனுசி கெட்டிக்காரிதான் என்று சூசைதாசன் ஒப்புக்கொண்டார்.

கத்தரீனா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நாற்பது வயதிருக்கும். அவரைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

“பன்னிரண்டெண்டெல்லோ சொல்லிவிட்டனீங்கள் முதலாளி! கொஞ்சம் பொறுங்கோ, தேத்தண்ணி போட்டுத் தாறன்.”

“தேத்தண்ணி வேண்டாம் தங்கச்சி. கறி இறக்கியாச்சுத்தானே? மணக்குது.”

“இறக்கியாச்சு. எண்டாலும்...”

“எண்டாலும் கிண்டாலும் வேண்டாம். இருக்கிறதைப் போடும்.”

இவள் எதையோ ஒளிக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. அவள் ஒருமுறை தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு வாழையிலையைப் போட்டாள்.

சிவத்த புழுங்கலரிசிச் சோறு பூப்போல விழுந்தது. முருங்கையிலை வறை வாயில் வைக்க, அடடா. கத்தரிக்காய்ப் பால்கறிக்கு ஒரு குறை சொல்ல முடியாது. தேங்காய்ப்பால் சொதியைக் கையில் வாங்கி உறிஞ்சியபோது, சந்திக் கடைக்காரன் இனிமேல் கிராமபோனைத்தான் அவித்துச் சாப்பிட வேண்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். பிறகு நண்டு வந்தது. காலும் ஓடும் சிவந்து, குழம்பு கட்டிப்பட்டு, சதை வெள்ளை வெளேரென்று. ஆசையோடு ஒரு காலைக் கடித்து உறிஞ்சினார்.

சப்பென்றிருந்தது. உப்பே இல்லை.

நண்டோடு வைத்த இறாலை எடுத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே. மீன் பொரியல், அதுவும்தான். இலையில் உப்பை வாங்கித் தொட்டுப் பார்த்தார். உப்பு உப்பாக நின்றது, நண்டு நண்டாக நின்றது. சூசைதாசனுக்கு அழுகை வராத குறை. பசி பொறுக்காமல் எல்லாவற்றையும் விழுங்கித் தொலைத்தார். ஆனால் மண்டைக்குள் ஒன்று குடைந்தது. மரக்கறி முழுக்கத் தராசில் நிறுத்ததுபோல உப்பு. கடலிலிருந்து வந்தது மட்டும் சப்பு. இது எந்த ஊர் மறதி?

“என்ன தங்கச்சி, நண்டோடை ஏதும் கோவமோ? உப்பைக் காணேல்லை.”

கத்தரீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் உப்புப் பாக்கேல்லை முதலாளி. நேத்திக்கடன். பாஸ்கு வரைக்கும் மீன், நண்டு, இறால் ஒண்டும் நாக்கிலை வைக்கமாட்டன் எண்டு மாதாவிட்டைச் சொன்னனான். போன மாரிக்கு என்ரை மனுசன் கனிசியஸ் கடலிலை காணாமல் போனவர். வள்ளம் கடலோடை போயிட்டுது. மனுசன் வந்திட்டார்.”

“அப்ப இவ்வளவு நாளும் ஆர் உப்புப் பாத்தது?”

“அவர்தான். விடியப்புறம் ஒரு செத்தவீட்டுக்குப் போயிட்டார். பக்கத்து வீட்டு றோஸ் கோயிலிலை சிலுவைப்பாதை முடிச்சு, பன்னிரண்டுக்கு முதல் வாறனெண்டவ. ஏரி நண்டு ஒரு நாளைப்போலை ஒரு நாள் இராது. தண்ணி வத்தினா நண்டே உப்புக் கரிக்கும். கூடினா எடுக்கேலாது, குறைஞ்சாப் போடலாம் எண்டு கையைச் சுருக்கிப்போட்டன்.”

திருடனைப் பிடிக்க ஒரு மணிநேரம் முந்தி வந்த சூசைதாசன் தன் சாப்பாட்டைத் தானே திருடிவிட்டார். ஆனாலும் மனம் ஆறவில்லை.

“ஒரு சொட்டு நாக்கிலை வைச்சுப் பாத்துத் துப்பியிருக்கலாமே. நான் வாறது தெரியும். பஸ் நிக்கிறதும் நிக்காததும் இந்தச் சாப்பாட்டிலைதான் எண்டும் தெரியும். குசினிக்குள்ளை ஆர் காணப்போகினம்?”

“ஒருதரும் காணாயினம்தான்,” என்றாள் கத்தரீனா. “வள்ளமும் இல்லை, இந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு. காலமை ரெண்டு மூண்டு தரம் அகப்பையைத் தூக்கினனான் முதலாளி. வைக்க மனம் வரேல்லை. வைச்ச நேத்தி வைச்சதுதானே.”

சூசைதாசனும் இந்தத் தபசுகாலத்துக்குச் சுருட்டை விடுவதாக நேர்ந்தவர்தான். மூன்றாம் நாளே கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று பற்றவைத்து, அது நேற்றைய மிச்சம், கணக்கில் வராது என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டவர். இந்த மனுசியோ ஒரு பஸ்ஸையே கைவிடத் துணிந்து அகப்பையைத் திரும்ப வைத்திருக்கிறாள். அவளைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து றோஸ் வந்து சேர்ந்தாள். குழம்பில் ஒரு சொட்டை நக்கி, “இன்னுமொரு சின்னப் பிடி போடு,” என்றாள். உப்பு விழுந்து கறி மறுபடி ஒரு கொதி கொதித்தது. வண்டிக்காரர்கள் வந்து குந்தி, நண்டை உறிஞ்சி உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். நிறைந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலாளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லாய் வேண்டும் அவருக்கு.

கூட்டம் கலைந்ததும் எழுந்து சொன்னார்: “திங்கட்கிழமையிலையிருந்து பஸ் இஞ்சைதான் நிக்கும். என்ரை பஸ்ஸிலை வாற சனம் குசினியை எட்டிப் பாக்கிறதில்லை. ஒருதரும் பாக்காத இடத்திலை நீர் என்ன செய்வீர் எண்டு நான் கண்டிட்டன்.”

கத்தரீனாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் சொன்னது வேறு.

“இப்ப வேண்டாம் முதலாளி. பாஸ்கு கழியட்டும்.”

“உமக்கென்ன விசரே? அதுக்கிடையிலை சனம் பேதுருவின்ரை கடைக்குப் பழகிப்போடும்.”

“இவர் கூலிக்கு வேறை வள்ளத்திலை போறவர். வீட்டிலை நிக்கிற நாளும் இருக்கு, நில்லாத நாளும் இருக்கு. ஒரு சின்னச் சட்டி எண்டா றோஸ் உப்புப் பாத்துத் தருவா. பஸ் நிறைஞ்ச சனத்துக்கு இன்னொராளின்ரை நாக்கை நம்பி நான் சமைக்கமாட்டன்.”

எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை. யாரிடமும் தோற்றுப் பழகாத சூசைதாசன் அன்றைக்குத் தோற்றார். தோற்றது அவருக்கு ஏனோ இனித்தது. பாஸ்கு வரைக்கும் பஸ்ஸை எந்தக் கடையிலும் சாப்பாட்டுக்கு நிறுத்தக்கூடாது என்று டிறைவருக்குக் கட்டளை போட்டார். எஞ்சின் மர நிழலில் ஆற, சனம் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு அவரை வாய்க்கு வந்தபடி திட்டியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பாஸ்குத் திங்கட்கிழமை பஸ் ஏரிக்கரையில் வந்து நின்றது. முதல் ஆளாக இறங்கிய சூசைதாசன் வாங்கில் குந்தப் போனவர், அடுப்படியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கத்தரீனா பெரிய சட்டிக்குள் அகப்பையை விட்டு, ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு, ஊதி ஆற்றி, நாக்கில் வைத்தாள். பின்னால் வந்த சனமும் ஏனென்று தெரியாமலே வாசலில் காத்து நின்றது.

அவள் உப்புச் சிரட்டைக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். கலக்கினாள். இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். பிறகுதான் திரும்பினாள்.

“இப்ப இருங்கோ முதலாளி,” என்றாள்.